காயிலுக்கு வைத்த பொட்டு

நான் செய்ததில் தப்பே இல்லை. மோட்டார் வேலை தெரிந்த எவனை வேண்டுமானாலும் கேளுங்கள், அந்த இடத்தில் நானும் அதைத்தான் செய்திருப்பேன் என்பான். அப்புறம் எதற்கு அக்காவின் நெற்றியைப் பார்க்கும்போதெல்லாம் என் தலை தானாகத் தரையைப் பார்த்தது என்று கேட்டால், அதற்குத்தான் என்னிடம் ஒழுங்கான பதில் கிடையாது.

விஷயம் இவ்வளவுதான். ஒரு விடியற்காலையில், எங்கள் பஸ்ஸில் நான் புதிதாக மாட்டியிருந்த, இன்ஜினுக்குப் பொறி கொடுக்கிற இக்னிஷன் காயிலுக்கு அக்கா சந்தனம் குங்குமம் வைத்தாள். அவள் அந்தப் பக்கம் போனதும் நான் அதைத் துடைத்துவிட்டேன். அந்த வருஷம் முடிவதற்குள் மச்சான், அதாவது பஸ்ஸை வாங்கி ஓட்டிக்கொண்டிருந்த அக்காவின் வீட்டுக்காரர், காய்ச்சலில் போய்விட்டார். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் சம்பந்தமில்லை. சம்பந்தமில்லை என்று எனக்கு நானே எத்தனை முறை சொல்லிக்கொண்டேன் என்பது எனக்கே தெரியாது. நான் துடைத்ததை அக்கா பார்த்தாளா, பார்த்திருந்தால் என்னைப் பற்றி என்ன நினைத்துக்கொண்டிருக்கிறாள், இதுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. கேட்கத்தான் வாய் வரவில்லை.

யுத்த காலம் அது. பெட்ரோலுக்குக் கூப்பன் வந்துவிட்டது. கூப்பனுக்குக் கிடைக்கிற பெட்ரோலை வைத்துக்கொண்டு நாமக்கல்லிலிருந்து சேலத்துக்கு ஒழுங்காகப் போய்வர முடியாது. அதனால் பஸ்ஸுக்குப் பின்னால் பீப்பாய் மாதிரி ஓர் உலையைக் கட்டி, அதில் அடுப்புக்கரியைக் கொட்டி எரித்து, அதிலிருந்து வரும் வாயுவில் இன்ஜினை ஓட்டச் சொன்னார்கள். கரி பஸ் என்றுதான் எல்லோரும் அதைச் சொன்னார்கள். காலையில் கண்டக்டர் காற்று ஊதுகிற கைக்காற்றாடியைச் சுற்றிச் சுற்றி உலையைப் பற்றவைத்து முடிப்பதற்குள் அவர் முகம் பெருமாள் கோயில் மடைப்பள்ளிச் சுவர்போல் ஆகிவிடும்.

கரி வாயுவில் இன்ஜினுக்குப் பாதி உயிர்தான் இருக்கும். சமதரையில் எப்படியோ ஓடிவிடும். மல்லூர்ப் பக்கத்து ஏற்றத்தில் வந்ததும் எல்லாக் கரி பஸ்ஸுக்கும் மூச்சு வாங்கும். ஜனங்கள் மூட்டை முடிச்சோடு இறங்கி நடப்பார்கள். ஆண்பிள்ளைகள் பின்னால் நின்று தள்ளுவார்கள். சந்தைக்குப் போன ஒரு கவுண்டர், தள்ளிக் களைத்து மேலே வந்து சேர்ந்ததும், இனிமேல் டிக்கெட்டுக்குப் பதில் நீங்கள்தான் எனக்குக் கூலி தரவேண்டும் என்று மச்சானிடம் சொன்னார். பஸ்ஸே சிரித்தது. மச்சானும் சிரித்தார். வீட்டுக்கு வந்து அன்று அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

காரணம் இருந்தது. எங்கள் பஸ்ஸைப் பற்றி மேலே புகார் போயிருந்தது. ஓர் அதிகாரி வந்து உட்கார்ந்து பார்ப்பார். முழுச் சுமையோடு, ஒருவர்கூட இறங்காமல், பஸ் அந்த ஏற்றத்தை ஏறியாகவேண்டும். ஏறாவிட்டால் அந்த வழியில் பஸ் விடுகிற லைன் வேறொருவருக்குப் போய்விடும் என்று தகவல் வந்தது. மச்சான் தன் பங்குத் தோட்டத்தைத் தம்பிக்கு விட்டுக்கொடுத்துவிட்டு இந்தப் பஸ்ஸை நம்பி வந்தவர். லைன் போனால் அவரும் அக்காவும் மறுபடி தம்பி வீட்டு வாசலில்தான் போய் நிற்கவேண்டும். நானும் அவர்கள் வீட்டில் சோறு தின்று வளர்ந்தவன்.

மச்சானோ என்னைக் கூப்பிட்டு, நீ என்ன செய்யவேண்டுமோ செய், நான் ஓட்டுகிறேன் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். அப்படி நம்புகிற மனிதரோடு வேலை செய்வது லேசான காரியமில்லை. திட்டுகிற முதலாளி என்றால் பதிலுக்கு நாமும் முறைத்துக்கொண்டு போகலாம்.

சேலத்தில் ஒரு கடைசல் பட்டறையில் இன்ஜினின் தலைப்பாகத்தைக் கழற்றிக் கொடுத்து, அடிப்பக்கத்தைச் சீவி வாங்கி வந்தேன். அப்படிச் சீவினால் உள்ளே வாயு இன்னும் இறுக்கமாக அமுங்கும், இழுப்பு கூடும். பொறி விழுகிற நேரத்தையும் கொஞ்சம் முன்னால் தள்ளிவைத்தேன். எல்லாம் செய்து ஓட்டிப் பார்த்தால், வெறும் வண்டியாக இருக்கும்போது துள்ளியது, சுமை ஏற்றினதும் விக்கியது. யோசித்துப் பார்த்ததில் புரிந்தது. உள்ளே இறுக்கம் கூடினால் பொறி பாய்வதும் கஷ்டம். பழைய காயிலுக்கு அந்தத் தெம்பு இல்லை. நல்ல காயில் ஒன்று வேண்டும், யுத்த காலத்தில் புதுச் சாமானுக்கு எங்கே போவது?

சேலத்துப் பழைய இரும்புக் கடைகளில் நாயாய் அலைந்து மூன்று காயில்கள் கொண்டுவந்தேன். ஒன்று சின்னக் கார் ஒன்றிலிருந்து கழற்றியது. பளபளவென்று இருந்தது. கடைக்காரன் தன் பிள்ளைகள்மேல் சத்தியம் செய்து விற்றான். இரண்டாவது மிலிட்டரி லாரியினுடையது. ஆள் பெரிது, ஆனால் பன்னிரண்டு வோல்ட் பேட்டரிக்குச் செய்தது. எங்கள் ஆறு வோல்ட்டில் அது கோபித்துக்கொண்ட மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தது. மூன்றாவது, எரிந்துபோன பெரிய அமெரிக்கக் கார் ஒன்றிலிருந்து வந்தது. பக்கத்தில் நசுங்கல், பெயின்ட் எல்லாம் உரிந்துபோய், பார்க்கச் சகிக்காது. கையில் தூக்கினால் மட்டும் நல்ல கனம்.

காயிலைச் சோதிக்க அப்போது எங்களுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். அதன் நடுக்கம்பியை இன்ஜின் உடம்புக்குப் பக்கத்தில் பிடித்து, பொறி எவ்வளவு தூரம் தாண்டுகிறது, என்ன நிறம் என்று பார்ப்பது. சின்னக் கார் காயில் சிவப்பாக, நூல் மாதிரி ஒரு பொறி விட்டது. அமெரிக்கக் காயில் நீலமாக, சடார் சடார் என்று சுண்டுவிரல் அகலம் தாண்டியது. ஆனால் குளிர்ந்திருக்கும்போது எல்லாக் காயிலும் சூரன்தான். சூட்டில் நிற்குமா என்று பார்க்கவேண்டும். எனக்கு வந்த புத்தியைப் பாருங்கள், அக்கா தோசை வார்த்து இறக்கின கல்லை எடுத்துவந்து, அதன்மேல் காயில்களை வைத்துச் சூடேற்றினேன். சின்னக் கார் காயில் உள்ளேயிருந்த தார் மாதிரியான கீலை அப்படியே கல்லில் கக்கிவிட்டது.

அக்கா என்னை வைத வசவை எழுத முடியாது. அக்காவுக்கு மூக்குக்குமேல் கோபம் வரும், வந்த வேகத்தில் போய்விடும். எத்தனை தேய்த்தாலும் கீல் வாசம் போகவில்லை. மச்சான் ஒரு பேச்சுப் பேசாமல் அந்தத் தோசையைத் தின்றார். நாலாவதோ ஐந்தாவதோ நாள்தான், தோசையில் ரோடு போடுகிற வாசம் வருகிறதே, ஜில்லா போர்டுக்காரர்களுக்கு வார்த்ததை எனக்கு வைத்துவிட்டாயா என்று கேட்டார். அக்கா சிரித்த சிரிப்பில் கரண்டி கையிலிருந்து விழுந்தது.

அமெரிக்கக் காயில் கல்லில் ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை. சூட்டோடு சூடாகப் பொறி பார்த்தேன், அதே நீலம். இவன்தான் என்று முடிவு செய்தேன்.

அடுத்தது, எங்கே மாட்டுவது. பழைய காயில் இன்ஜின்மேலேயே உட்கார்ந்திருந்தது. இப்போது அந்தப் பக்கமாகத்தான் உலையிலிருந்து வரும் வாயுக் குழாய் போகிறது. அங்கே வைத்தால் காயில் வெந்துவிடும். அதனால் டிரைவர் காலுக்கு முன்னால் இருக்கிற தடுப்புப் பலகையின் இன்ஜின் பக்கத்தில், வலது ஓரமாக இடம் பிடித்தேன். அதிர்வு தெரியாமல் இருக்கப் பழைய டயரிலிருந்து ஒரு துண்டை அறுத்து அடியில் வைத்து, பட்டை இரும்பை வளைத்துப் பூட்டுப் போட்டேன். தலை மேலே பார்க்க நிறுத்தினால் மூடிமேல் தூசியும் தண்ணீரும் தங்கும். தலைகீழாக நிறுத்தினால் சூட்டில் கீல் இளகி மூடிக்குள் இறங்கும். ஆகவே சாய்த்துப் படுக்கவைத்து, மூடி முன்னால் பார்க்கும்படி செய்தேன். பானெட்டைத் தூக்கினால் முதலில் கண்ணில் படுவது அந்த வட்டமான கறுப்பு மூடிதான். நடுவில் பெரிய கம்பி நுழைகிற குமிழ், இரண்டு பக்கமும் சின்னப் பித்தளைத் திருகுகள். சூட்டுக்கு யோசித்தேன், ஆட்டத்துக்கு யோசித்தேன், மழைக்கும் தூசிக்கும் யோசித்தேன். என் வேலையை நானே தள்ளி நின்று பார்த்து மெச்சிக்கொண்டேன்.

அதிகாரி வருகிற நாள் வெள்ளிக்கிழமை. விடிவதற்குள் அக்கா தலைக்கு ஊற்றிக்கொண்டு, தாம்பாளத்தோடு பஸ்ஸுக்கு வந்துவிட்டாள். எங்கள் வீட்டில் புதிதாக எந்த இரும்பு வந்தாலும் பொட்டு வைக்காமல் புழங்கமாட்டார்கள். கலப்பைக் கொழுவுக்கு வைப்பாள், அரிவாள்மணைக்கு வைப்பாள், மச்சான் வாங்கின சைக்கிளுக்கு வைத்தாள், சீமெண்ணெய் டின்னுக்குக்கூட வைத்திருக்கிறாள். இது எனக்குத் தெரியாத சங்கதியில்லை. புதுச் சாமான் எது என்று கேட்டாள். நான் பெரிய மனிதன் மாதிரி பானெட்டைத் தூக்கி, இதுதான் என்று காட்டினேன்.

சந்தனத்தை அப்போதுதான் உரைத்திருந்தாள். குழைவாக, ஈரமாக இருந்தது. கஞ்சத்தனம் அவளிடம் எதிலும் கிடையாது. மூன்று விரலால் மூடி முழுவதும் இழுத்துப் பூசி, நடுவில் பெரிதாகக் குங்குமம் வைத்தாள். கண்ணை மூடி நின்றாள். விரலில் மிஞ்சியிருந்த குங்குமத்தைத் தன் தாலியில் ஒற்றி, நெற்றியிலும் வைத்துக்கொண்டாள். அப்புறம் ஆரத்தி கரைத்துவர வீட்டுக்குள் போனாள்.

மச்சான் ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட் செய்தார். இன்ஜின் பிடித்தது, உடனே விக்கியது. விட்டு விட்டு ஓடியது. பானெட் நிழலுக்குள் எட்டிப் பார்த்தேன். குமிழிலிருந்து பித்தளைத் திருகுக்கு, அந்த ஈரச் சந்தனத்தின்மேல், நீலமாக ஒரு கோடு ஊர்ந்துகொண்டிருந்தது. பொறி இன்ஜினுக்குப் போகாமல் பொட்டில் வழிந்துகொண்டிருந்தது. அப்படியே ஓடவிட்டால் மூடியே கருகிக் கோடு விழுந்துவிடும். அதற்கப்புறம் அது காயில் இல்லை, வெறும் கட்டை.

சீமெண்ணெய்த் துணியைக் கையில் எடுத்தேன். எடுத்துவிட்டேனே தவிர, கை மேலே போகவில்லை. சுமங்கலி வைத்த பொட்டு. அவள் வீட்டுக்காரர் ஓட்டப்போகிற வண்டி. தாலியில் ஒற்றின அதே குங்குமம். எங்கள் பக்கத்தில் பொட்டை அழிப்பது எப்போது, யார் வீட்டில் என்று சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும். அப்புறம் மல்லூர் ஏற்றம் ஞாபகத்துக்கு வந்தது. மச்சானிடம் இன்ஜினை நிறுத்தச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு துடைத்தேன் என்று சொன்னால் பொய். நன்றாகப் பார்த்து, ஒரு பொட்டு ஈரம் மிஞ்சாமல், திருகு இடுக்கெல்லாம் விட்டுத் துடைத்தேன்.

மச்சான் என்ன ஏது என்று இறங்கி வந்தார். துணியில் இருந்த சிவப்பைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“மூடீரு சாமி. உங்கக்கா வாரா.”

மூடினேன். திரும்பிப் பார்த்தால் அக்கா வாசல்படியில் தாம்பாளத்தோடு நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியாது. வந்தாள், சுற்றினாள், ஆரத்தியைச் சக்கரத்துக்கு முன்னால் ஊற்றினாள். ஒன்றும் பேசவில்லை. நல்ல காரியத்துக்குப் போகும்போது அவள் அதிகம் பேசமாட்டாள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

பஸ் ஏறிவிட்டது. அதைச் சொல்லவேண்டாமா? முழுச் சுமை, கூரைமேல் மூட்டைகள், மச்சானுக்குப் பக்கத்தில் அதிகாரி. ஏற்றம் தொடங்கியது. எல்லோரும் காலால் தரையை அழுத்திக்கொண்டிருந்தார்கள், அவர்கள்தான் தள்ளுகிறாற்போல. ஒரு பொறி தவறவில்லை. உச்சிக்கு வந்ததும் கண்டக்டர் விசில் ஊதித் தள்ளிவிட்டார். அதிகாரி மல்லூரில் இறங்கி இளநீர் கேட்டார். லைன் எங்களுக்கே நின்றது.

அன்று சாயங்காலம் அக்கா வெல்லம் போட்டுக் கச்சாயம் சுட்டாள். எனக்கு வைக்கும்போது, காயில் நல்லபடியாக வேலை செய்ததா என்று கேட்டாள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். நான் பெரிய கெட்டிக்காரன் அல்லவா, சிரித்துக்கொண்டே சொன்னேன்.

“நீங்க பொட்டு வெச்ச காயிலுங்க அக்கா, வேல செய்யாம போயிருமா?”

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள். இன்னொரு கச்சாயம் எடுத்து இலையில் வைத்துவிட்டு உள்ளே போனாள். அந்தப் பார்வையைத்தான் பின்னாளில் எடுத்து எடுத்துப் பார்த்தேன்.

மழைக்கு அப்புறம் ஊரில் விஷக்காய்ச்சல் வந்தது. எங்கள் தெருவிலேயே ஆட்கள் படுத்தார்கள். மச்சானும் படுத்தார். சேலம் ஆஸ்பத்திரிக்கு எங்கள் பஸ்ஸில்தான் கொண்டுபோனோம். நான்தான் ஓட்டினேன். பின்னால் அக்கா அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்த ஏற்றத்தில் இன்ஜின் தளராமல் இழுத்தது. அன்றைக்கு அது நன்றாக ஓடியதே எனக்குப் பிடிக்கவில்லை. எங்கேயாவது நின்று தொலைத்திருந்தால், மோட்டார்மேல் பழியைப் போட்டிருப்பேன்.

திரும்பி வரும்போது அவர் உயிரோடு இல்லை.

காரியத்தன்று பெண்கள் அக்காவை உள்ளே கூட்டிப்போய்ப் பொட்டழித்தபோது நான் வெளியே கொட்டகைக் காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளேயிருந்து சத்தம் வந்தது. நான் என் வலது கையைப் பார்த்தேன். அந்தக் கையை என்ன செய்வது என்று தெரியவில்லை. முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன், துண்டுக்குள் வைத்துக்கொண்டேன். தண்ணீரில் வந்த காய்ச்சல் இது, தெருவில் வேறு நாலு வீட்டிலும் சாவு விழுந்தது, அந்த வீடுகளில் யார் எந்தக் காயிலைத் துடைத்தார்கள் என்றெல்லாம் எனக்குள்ளேயே வாதாடினேன். வாதத்தில் ஜெயிப்பேன். ஜெயித்து முடித்ததும் அக்கா வெள்ளைச் சேலையில் எதிரே வருவாள். அதோடு போச்சு.

லைனை அக்கா பெயருக்கு மாற்றினோம். நான் ஓட்டினேன். அவள் கேட்பதற்கு முன்னாலேயே வீட்டு வேலை எல்லாவற்றையும் இழுத்துப்போட்டுச் செய்தேன். தண்ணீர் சேந்தினேன், விறகு பிளந்தேன், கூரை மாற்றினேன். அவள் எதிரே உட்கார்ந்து சாப்பிட மட்டும் மாட்டேன். அவள் சோறு போட்டுவிட்டு அந்தப் பக்கம் போனால்தான் எனக்குத் தொண்டையில் இறங்கும். எனக்குக் கல்யாணமும் ஆயிற்று. வந்த கொஞ்ச நாளிலேயே என் வீட்டுக்காரி, சொந்த அக்காவைக் கண்டு எதற்கு இப்படித் திருடன் மாதிரி பதுங்குகிறீர்கள் என்று கேட்டாள். அவள்மேல் எரிந்து விழுந்தேன். என்னிடம் வேறென்ன இருந்தது?

அடுத்த ஆயுதபூஜை வந்தது. பொட்டு வைக்காமல் விடமுடியாது. மறுபடி துடைக்க என்னால் முடியாது. உள்ளங்கை அளவு தகரத் துண்டு ஒன்றை வட்டமாக வெட்டினேன். காயிலைப் பிடித்திருந்த பட்டை இரும்பிலேயே, மூடிக்கு இரண்டு விரல்கடை தள்ளி, ஈரம் போய்ச் சேராதபடி அதை முன்னால் திருகினேன். பானெட்டைத் தூக்கினால் இப்போது முதலில் தெரிவது தகரம்தான். என் வீட்டுக்காரியிடம், எவ்வளவு சந்தனம் வேண்டுமானாலும் பூசு, இந்தத் தகரத்தில் மட்டும் பூசு என்றேன். அவளும் பூசிக் குங்குமம் வைத்தாள். இன்ஜின் ஒரு விக்கல் இல்லாமல் ஓடியது.

அக்கா பூஜைக்கு வெளியே வரவில்லை. வரக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை, வா என்றும் யாரும் சொல்லவில்லை. நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

எல்லோரும் சாப்பிடப் போனபின் நான் மட்டும் ஸ்பானர் சாவிகளைத் துடைத்துப் பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தேன். பானெட் திறந்தபடியே இருந்தது. அக்கா வந்தாள். மச்சான் போனதற்கப்புறம் அவள் பஸ்ஸுக்குப் பக்கத்தில் வந்தது அன்றுதான். உள்ளே எட்டிப் பார்த்தாள். இது என்ன புதுசாக என்று கேட்டாள். பொட்டு வைக்கிறதுக்கு, காயில்மேல் ஈரம் படக்கூடாது என்று சாவியைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

தகரத்தையும் காயிலையும் மாறி மாறிப் பார்த்தாள். கோபமில்லை, அழுகையில்லை. குழம்பில் உப்பு ஒரு கல் குறைவு என்று சொல்கிற குரலில்தான் சொன்னாள்.

“இத அன்னிக்கே செஞ்சிருக்கலாமல்ல சாமி.”

இலை போட்டாயிற்று, சோறு ஆறுகிறது, கையைக் கழுவிக்கொண்டு வா என்றாள். போய்விட்டாள்.

நான் பானெட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு துண்டுத் தகரம், இரண்டு திருகாணி. அரைமணி நேர வேலைகூட இல்லை. அன்றைக்கும் என்னிடம் தகரம் இருந்தது.